உண்டியல் குலுக்கி எழுந்த பல்கலைக்கழகங்கள்: சிங்கப்பூரில் ஒரு வாரம்

திங்கள், ஊட்ரம்

கோயம்புத்தூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் கல்லூரி மாணவர்கள் சிலர் வந்திருக்கிறார்கள். படிப்பு, சமூகத் தொண்டு இரண்டையும் பார்த்து உறுப்பினர்களைச் சேர்க்கும் ஒரு ஹானர் சொசைட்டியைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய கூட்டம் சனிக்கிழமையே முடிந்துவிட்டது, ஊர் திரும்பும் விமானம் வெள்ளி இரவு, அதுவும் கோலாலம்பூரிலிருந்து. மரினா பே, செந்தோசா எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், பல்கலைக்கழகங்களின் பழைய கதையை மட்டும் நீ காட்டு என்று ஒரு தோழி என்னிடம் ஒப்படைத்தாள். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கெண்ட் ரிட்ஜ் வளாகத்தில் படித்தவள் நான், கேட்டவுடன் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்றன்று பார்த்ததை அன்றிரவே இங்கே எழுதுகிறேன்.

இப்படி வருகிறவர்களை வழக்கமாக நேரே அந்த வளாகத்தின் புதிய பகுதியான யூனிவர்சிட்டி டவுனுக்குத்தான் கூட்டிப்போவார்கள். பெரிய புல்வெளி, கண்ணாடிக் கட்டடங்கள், பார்க்க அழகுதான். ஆனால் அங்கே தொடங்கினால் இதெல்லாம் அரசாங்கம் ஒரு நாள் திட்டம் போட்டுக் கட்டியது என்ற எண்ணம் விழுந்துவிடும். இந்த ஊரில் உயர்கல்வி அப்படி வரவில்லை. வீடு வீடாக, கடை கடையாகக் கேட்டு வாங்கிய காசில் வந்தது. பெரிய தனவந்தர் கொடுத்தார், ரிக்‌ஷா மிதித்தவரும் கொடுத்தார், நம் ஆட்கள் ஆளுக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு டாலர், கொடுத்தார்கள். அந்தக் கதையைப் பார்த்துவிட்டுத்தான் புல்வெளியில் உட்கார வேண்டும் என்று பிடிவாதமாக ஊட்ரம் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் எல்லாரையும் இறக்கினேன்.

சிங்கப்பூர் பொது மருத்துவமனை வளாகத்துக்குள் நடந்தால் காலேஜ் சாலை வரும். பேரிலேயே கல்லூரி இருக்கிறது, ஆனால் தினமும் அவ்வழியே போகிற நோயாளிகளில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள். 1904ல் தான் ஜியாக் கிம் (இங்கே 'தான்' என்பது சீனக் குடும்பப் பெயர்) என்ற சீன வணிகரும் வேறு சிலரும் சேர்ந்து ஆளுநரிடம் மனு கொடுத்தார்கள், உள்ளூர்ப் பிள்ளைகள் மருத்துவம் படிக்க ஒரு பள்ளி வேண்டும் என்று. காசு நீங்களே திரட்டினால் பார்க்கலாம் என்பதுதான் பதிலின் சாரம். திரட்டினார்கள்: 87,077 வெள்ளி. அதில் 12,000 தான் ஜியாக் கிம்மின் சொந்தக் கை. 1905ல் பள்ளி திறந்தது, கட்டடம் புதிதல்ல, பெண்களுக்கான மனநல விடுதியாக இருந்து காலியான இடம். முதலில் சேர்ந்தவர்கள் 23 பேர். இன்றைய தேசியப் பல்கலைக்கழகம் தன் வயதை அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறது.

முதலில் தான் தெக் குவான் கட்டடம் கண்ணில் படும், 1911ல் கட்டியது. தந்தையின் நினைவாக இதைக் கொடுத்தவர் தான் சே யான், 1896ல் மலாக்காவில் ரப்பரை வணிகப் பயிராக முதன்முதலில் நட்டவர். இதைச் சொன்னதும் திருச்சிப் பெண் ஒருத்தி சட்டென்று கேட்டாள், "அப்போ அக்கா, அந்த ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்தது நம்ம ஆளுங்கதானே?" ஆமாம். என் தாத்தாவே ஜொகூரில் பால்மரம் வெட்டியவர். மலாயா முழுக்க ரப்பரில் புரண்ட பணம் நன்கொடையாக மாறிக் கட்டடமாக நிற்கும் இடத்திலெல்லாம் விடியுமுன் எழுந்து மரம் சீவிய தமிழர்களின் உழைப்பும் நிற்கிறது, கல்வெட்டில் அந்தப் பெயர்கள் இல்லாவிட்டாலும். இந்த வாரம் முழுக்க நான் சொல்லிக்கொண்டே இருக்கப்போவது இதைத்தான்.

பக்கத்தில் பெரிய தூண்கள் வரிசையாக நிற்கும் 1926ஆம் ஆண்டின் மருத்துவக் கல்லூரிக் கட்டடம். முகப்பின் புடைப்புச் சிற்பங்களில் உடற்கூறு கற்பிக்கிறார்கள், அறுவை மருத்துவம் கற்பிக்கிறார்கள், இத்தாலியச் சிற்பி நொல்லியின் வேலை. ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி என்று பெயர் மாறியபின் இங்கே படித்துப் பின்னர் பேராசிரியரும் ஆன பெஞ்சமின் ஷியர்ஸ் சிங்கப்பூரின் இரண்டாவது அதிபரானார், மலேசியப் பிரதமராக இருந்த மகாதீர் முகம்மதும் இங்கே படித்தவர்தான்.

1942 பிப்ரவரி 14. சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுவதற்கு முந்தைய நாள். குண்டுக்குப் பலியான சக மாணவர் ஒருவரை அடக்கம் செய்ய மருத்துவ மாணவர்கள் இந்த வளாகத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தபோது அவர்கள் மேலேயே மறுபடி குண்டு விழுந்தது. பலர் அங்கேயே இறந்தார்கள். வந்திருந்தவர்களில் மருத்துவம் படிக்கிற பையன் இருவர் உண்டு, அவர்கள் அந்த இடத்தை விட்டு நகரவே நேரமாயிற்று. நானும் அவசரப்படுத்தவில்லை.

செவ்வாய், புக்கிட் தீமா

தாவரவியல் பூங்கா எம்ஆர்டியில் இறங்கி எதிர்த்திசையில் நடந்தால் பழைய ராஃபிள்ஸ் கல்லூரி. பூங்காவைப் பற்றி ஒரு வார்த்தை: ரப்பர் மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைப் பூங்காவின் இயக்குநராக இருந்த ரிட்லி இங்கே இருந்துதான் வகுத்தார். நேற்றைய கதையின் தொடக்கம் இந்த வேலிக்குள்ளேதான் இருக்கிறது. ஐந்து வெள்ளித் தாளில் இருக்கும் தெம்புசு மரமும் இங்கேதான், எல்லாரும் நோட்டைக் கையில் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

இந்த ஊரில் ஆங்கிலேயர் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் வந்திறங்கிய நூற்றாண்டு நினைவாக 1919ல் முடிவெடுத்து 1928ல் வகுப்புகள் தொடங்கிய கல்லூரி இது. சரிவில் மேல் முற்றம் ஒன்று, கீழ் முற்றம் ஒன்று, சுற்றிலும் வளைவுத் தாழ்வாரங்கள். மின்விசிறி இல்லாமலே காற்று வருகிறது. இங்கேயும் கட்டடத்துக்குக் கட்டடம் கொடையாளர் பெயர்: சர்க்கரை வணிகர் ஊய் தியோங் ஹாம், யூதப் பெருந்தனக்காரர் மனாசே மேயர், ஆளுக்கு 150,000 வெள்ளி. சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூ, அவருடைய அமைச்சர் கோ கெங் சுவீ, மலேசியாவின் இரண்டாவது பிரதமர் அப்துல் ரசாக் எல்லாரும் இந்தத் தாழ்வாரங்களில் நடந்தவர்கள். 1949ல் மருத்துவக் கல்லூரியும் இதுவும் சேர்ந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆயின.

சரி, இனி நம் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் கூட்டிவந்தேன்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை வரப்போகிறது என்று ஐம்பதுகளில் பேச்சு எழுந்தது. எந்த மொழியை மையமாக வைப்பது, சமஸ்கிருதமா தமிழா என்பது கேள்வி. இந்த நாட்டில் வாழும் இந்தியர்களில் பெரும்பான்மை தமிழர்கள், உழைத்து இந்த மண்ணை உண்டாக்கியவர்களில் அவர்கள் உண்டு, அவர்கள் மொழிக்குத்தான் இடம் என்று தமிழ் முரசில் எழுதி எழுதி இதைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் கோ. சாரங்கபாணி. திருவாரூரில் பிறந்து 1924ல் இங்கே வந்தவர், 1935ல் தொடங்கிய தமிழ் முரசை மக்கள் பத்திரிகை ஆக்கியவர். எழுதியதோடு நிற்காமல் "தமிழ் எங்கள் உயிர்" என்று ஒரு நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. பல்கலைக்கழகத்தில் தமிழ் நிலைக்க வேண்டும், நல்ல தமிழ் நூலகம் வேண்டும், அதற்கு.

அன்றைக்கு ஒரு தொழிலாளியின் கையில் ஒரு வெள்ளி என்பது வீட்டுக்கு அரிசி. தன் பிள்ளை அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்குமா என்பதற்கே உறுதியில்லாத மனிதர்கள் அதை எடுத்துக் கொடுத்தார்கள். எனக்கு இந்த இடத்தில் எப்போதும் தொண்டை அடைக்கும், இன்றும் அடைத்தது, மறைக்கவில்லை. 1956ல் துறை திறந்தது, தமிழோடு திறந்தது. சில ஆண்டுகளில் துறை கோலாலம்பூர் வளாகத்துக்கு மாறியது, நூல்களும் அங்கே போயின. 1961ல் தனிநாயக அடிகள் அங்கே வந்து துறைக்குத் தலைமை ஏற்றார், 1966ல் முதல் உலகத் தமிழ் மாநாடு அதே கோலாலம்பூரில் நடந்தது. அந்த ஒரு வெள்ளி எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள்.

கோயம்புத்தூர்த் தம்பி ஒருவன், தமிழ் இலக்கியம் படிப்பவன், முதல் உலகத் தமிழ் மாநாடு பற்றித் தேர்வுக்கு எழுதியிருக்கிறானாம், மூன்று மதிப்பெண் கேள்வி. "அதுக்குப் பின்னால இப்படி ஒரு வசூல் இருந்ததுன்னு யாருமே சொல்லலையே அக்கா" என்றான். கீழ் முற்றத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து வெகுநேரம் இதையே பேசினோம்.

இன்னொன்றும் சொன்னேன். 1954 மே மாதம் பல்கலைக்கழகச் சோஷலிச மன்றத்தின் 'ஃபஜார்' இதழில் வந்த ஒரு கட்டுரைக்காக மாணவர்கள் எட்டுப் பேர்மேல் அரச நிந்தனை வழக்கு போட்டது காலனி அரசு. அதில் நம் பெயர்கள் எத்தனை என்று கேளுங்கள்: பின்னாளில் சிங்கப்பூரின் முதன்மைக் கவிஞரான எட்வின் தம்பு, எம்.கே. ராஜகுமார், பி. அருட்சோதி, கேரளக் குடும்பத்துப் பிள்ளை ஜேம்ஸ் புதுச்சேரி. லண்டனிலிருந்து வழக்கறிஞர் பிரிட் வந்தார், உதவிக்கு நின்ற இளம் வழக்கறிஞர் லீ குவான் இயூ. எட்டுப் பேரும் விடுதலை. கேள்வி கேட்பதும் ஒரு பல்கலைக்கழக மரபு, அதையும் ஊரைச் சுற்றிக் காட்டும்போது சொல்ல வேண்டும் என்பது என் கட்சி.

புதன், ஜூரோங்

பழைய நன்யாங் பல்கலைக்கழக வளாகத்தின் யுன்னான் தோட்டத்துக்கு நேராகப் போகாமல் பயனியர் எம்ஆர்டியில் இறங்கி ஜூரோங் வெஸ்ட் அடுக்குமாடி வீடுகளுக்கு நடுவே நடக்க வைத்தேன். வெயில். எங்கே போகிறோம் என்று முணுமுணுப்பு கேட்டது. வீடமைப்புப் பேட்டைக்கு நடுவில், துணி காயும் மூங்கில் கழிகளுக்குக் கீழே, திடீரென்று ஒரு பெரிய சீன வளைவு நிற்கிறது. நன்தா என்று சுருக்கிச் சொல்லும் நன்யாங் பல்கலைக்கழகத்தின் அசல் நுழைவாயில். வளாகம் சுருங்கியது, வாயில் மட்டும் வெளியே தங்கிவிட்டது. தோட்டத்துக்குள் இருப்பது பின்னால் செய்த நகல். எல்லாரும் நகலோடு படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

1953ல் ரப்பர் வணிகர் தான் லார்க் சை சீன மொழியில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று எழுந்தார். தானே ஐம்பது லட்சம் வெள்ளி தருவதாகச் சொன்னார். ஹொக்கியன் சீனர்களின் சங்கம் 500 ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்தது. அப்புறம் ஊரே இறங்கியது: ரிக்‌ஷா மிதிப்பவர்கள் ஒரு நாள் வண்டி மிதித்த கூலியை அப்படியே கொடுத்தார்கள், டாக்சி ஓட்டுநர்கள் கொடுத்தார்கள், தெருவோரக் கடைக்காரர்கள் கொடுத்தார்கள், நடன விடுதிப் பெண்கள் ஒரு நாள் ஆடிய வருமானத்தைக் கொடுத்தார்கள். 1956ல் வகுப்புகள் தொடங்கின. அதே 1956தான் நம் இந்திய இயல் துறைக்கும் என்பதைக் கவனியுங்கள். ஊரின் ஒரு பக்கம் சீனர்கள், இன்னொரு பக்கம் தமிழர்கள், இருவரும் ஒரே பத்தாண்டில் தங்கள் மொழிக்காக உண்டியல் குலுக்கியிருக்கிறார்கள். அளவு வேறு, ஆட்பலம் வேறு, ஆசை ஒன்றுதான். இதைச் சேர்த்து வைத்துப் பார்க்கிறவர்கள் குறைவு.

முடிவு இனிப்பாக இல்லை. நன்தா பட்டத்துக்கு அரசு ஏற்பு கிடைக்கவே 1968 ஆயிற்று. தான் லார்க் சையின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1980ல் நன்தாவைச் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு (மலாயாப் பல்கலைக்கழகத்தின் சிங்கப்பூர் வளாகம் 1962ல் பெற்ற பெயர்) இணைத்துத் தேசியப் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். இந்த வளாகத்தில் 1981ல் தொழில்நுட்பக் கழகம் வந்து, அது 1991ல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் ஆனது. வயதான நன்தா பட்டதாரிகளுக்கு அந்தப் பெயர் இன்னும் ஆறாத புண்.

தோட்டத்துக்குள் நன்தா நினைவுச் சின்னம், படியேறினால் ஓடு வேய்ந்த பழைய நிர்வாகக் கட்டடம், இப்போது சீன மரபுடைமை நிலையம். வரைந்தவர் உள்ளூர்க் கட்டடக் கலைஞர் இங் கெங் சியாங். வாயில், சின்னம், கட்டடம் மூன்றும் 1998 முதல் தேசிய நினைவுச் சின்னங்கள். தோட்டத்தைப் புதுப்பித்து அருவி எல்லாம் வைத்திருக்கிறார்கள், நிழலில் உட்கார அருமையான இடம். ஹைவ் கட்டடத்தையும் காட்டினேன், ஆவியில் வேகும் டிம் சம் கூடைகளை அடுக்கிய மாதிரி இருக்கும், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. சிங்கப்பூர்த் தமிழாசிரியர்களுக்குப் பயிற்சி தரும் தேசியக் கல்விக் கழகமும் இதே வளாகத்தில்தான். சீன மொழிக்காக எழுந்த நிலத்தில் இன்று தமிழாசிரியர்கள் உருவாகிறார்கள், அந்த வாசலில் எனக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றும்.

வியாழன், கெண்ட் ரிட்ஜ்

கடைசியாக எங்கள் குன்று. கெண்ட் ரிட்ஜ் எம்ஆர்டியில் வளாகப் பேருந்து டி2 பிடித்தால் யூனிவர்சிட்டி டவுன். வாரன் கோல்ஃப் மைதானமாக இருந்த இடத்தில் 2011ல் திறந்தது. தெம்புசு, சின்னமன் என்று மரப்பெயர் வைத்த தங்குவிடுதிக் கல்லூரிகள், ஒரே கூரையில் தங்கி, சாப்பிட்டு, வகுப்பும் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. மாணவர்கள் புல்வெளியில் உருண்டார்கள். மூன்று நாள் நடக்க வைத்ததற்கு இதை அனுமதிக்கத்தான் வேண்டும்.

மரபு என்று கேட்டார்கள். இங்கே பெரிய மரபு ராக், ஃபிளாக். ஆகஸ்ட் மாதம், புது மாணவர்கள் வந்த கையோடு, விடுதிகளும் துறைகளும் போட்டி போட்டு ஊர்தி கட்டி, ஆட்டம் ஆடிக் காட்டுவது ராக். மலாயாப் பல்கலைக்கழகக் காலத்திலிருந்தே வருவது. ஆனால் முதலில் நடப்பது ஃபிளாக்: உண்டியலோடு எம்ஆர்டி வாசல்களில் நின்று தொண்டு அமைப்புகளுக்குக் காசு கேட்பது. காசு போட்டவர் சட்டையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவோம். கிளமெண்டியில் காலை ஏழு மணிக்கு நின்றபோது, வேலைக்கு ஓடுகிற கூட்டத்தில், பெருக்குகிற அம்மா ஒருவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, பையிலிருந்த சில்லறையை ஒன்றுவிடாமல் போட்டார். அது வரை அது எனக்கு ஒரு விளையாட்டு. அந்தக் காசு விழுந்த பிறகு அப்படி இல்லை. பல ஆண்டுகள் கழித்து "தமிழ் எங்கள் உயிர்" நிதியைப் பற்றிப் படித்தபோது எனக்கு உடனே வந்தது அந்த அம்மாவின் முகம்தான்.

பல்கலைக்கழகப் பண்பாட்டு நிலையத்தையும் வெளியிலிருந்து பார்த்தோம். 2016ல் முன்னாள் அதிபர் எஸ்.ஆர். நாதனின் அரசு மரியாதை இறுதிச் சடங்கு இங்கே நடந்தது, அவருக்குப் பிடித்த தமிழ்த் திரைப்பாடல் ஒன்று அந்த அரங்கில் ஒலித்தது. இளமையில் பள்ளிப் படிப்பை விட்டு, வேலை பார்த்து, சொந்தமாகப் படித்துத் தேர்வெழுதி, இருபதுகளின் பிற்பாதியில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்து 1954ல் சமூக ஆய்வுப் படிப்பில் (Social Studies) பட்டயம் பெற்றவர். ஃபஜார் வழக்கு நடந்த அதே ஆண்டு. முதல் மதிப்பெண்காரர்களான என் விருந்தினர்களுக்கு இந்தக் கதையை வேண்டுமென்றே நிதானமாகச் சொன்னேன்.

மாலையில் எங்கள் பல்கலைக்கழக மாணவர்களின் தமிழ்ப் பேரவையின் இன்றைய உறுப்பினர்கள் சிலர் கிளமெண்டி சாலைக் கடைக்கு வந்தார்கள். பரோட்டா, தே தாரிக் என்ற ஆற்றிய பால் தேநீர், சத்தம். பாடம் எல்லாம் ஆங்கிலத்தில் படித்துவிட்டு இரவில் 'சங்கே முழங்கு' மேடை நாடகத்துக்குத் தமிழில் வசனம் எழுதி ஒத்திகை பார்க்கும் பிள்ளைகள் இவர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை. இங்குள்ள பையன் ஒருவன் கேட்டான், "உங்க கல்லூரியில தமிழ் மன்றத்துக்குக் காசு யார் தர்றா?" கல்லூரியே தரும் என்றார்கள். "நாங்க ஸ்பான்சர் தேடி அலைவோம்" என்றான் அவன், அதில் குறை எதுவும் இல்லை, நல்ல பெருமைதான் இருந்தது.

போகிற வழியில் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் தமிழ்ப் பிரிவை ஒரு நடை பார்த்தோம். இதற்கும் ஒரு கொடை உண்டு: 1953ல் லீ கோங் சியான், அவரும் ரப்பர்க்காரர்தான், 375,000 வெள்ளி கொடுத்து இரண்டு நிபந்தனை போட்டார், நூலகம் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும், உள்ளூர் மொழிகளின் நூல்கள் வளர வேண்டும். அந்தப் பணம் சேர்ந்து எழுந்த பழைய செங்கல் கட்டடம் ஸ்டாம்ஃபர்டு சாலையில் 1960ல் திறந்தது, சுரங்கச் சாலைக்காக அதை இடித்துவிட்டார்கள். தமிழ் நூல்கள் இப்போது இந்த உயரக் கட்டடத்தில்.

அங்கே அலமாரி முன்னால் நின்றுகொண்டுதான் இலக்கியம் படிக்கும் தம்பி ஆரம்பித்தான். ஒரு வெள்ளி ஒரு வெள்ளியாகச் சேர்த்த நூலகம் கோலாலம்பூரில்தானே, நாளை பகல் முழுக்க நமக்கு அங்கே நேரம் இருக்கிறதே, விமானம் இரவுதானே. இரட்டைக் கோபுரம் பார்க்க வைத்திருந்த பகல் அது. வாக்கெடுப்பு நடந்தது, கோபுரம் தோற்றது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை இன்றும் இருக்கிறது, அங்கே ஒரு விரிவுரையாளர் தோழிக்குத் தகவல் அனுப்பினேன், வாருங்கள், காலை பத்து மணிக்கு வாசலில் நிற்கிறேன் என்றாள். இரவுப் பேருந்தில் எனக்கும் ஒரு சீட்டு வாங்கியாயிற்று. பதினொன்றரைக்குப் புறப்படுகிறது, இன்னும் பை கட்டவில்லை.